கேட்டது எழுத்து, வந்தது சீஸ்

பெரிய கனவு காண்பதற்குத் தோதில்லாத நாடுகள் என்று யாராவது பட்டியல் போட்டால் டென்மார்க்குக்கு முன்வரிசையில் இடம் உண்டு. இங்கே யான்டே சட்டம் என்று ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றம் போட்டதல்ல, மோர்ஸ் தீவில் பிறந்த அக்செல் சாண்டமோசெ என்ற எழுத்தாளர் 1933-இல் ஒரு நாவலில் எழுதிவைத்த பத்துக் கட்டளைகள். பத்தையும் சேர்த்துப் பிழிந்தால் ஒரு சொட்டுத்தான் விழும்: உன்னைப் பெரிய ஆள் என்று நினைக்காதே. நாடாளுமன்றச் சட்டத்தை மீறினால் தண்டம் கட்டித் தப்பலாம். இதை மீறினால் அடுத்த வீட்டுக்காரர் காலை வணக்கத்தை அரை மாத்திரை குறைத்துச் சொல்வார்.

அப்பேர்ப்பட்ட நாட்டில், யூலாந்தின் நடுவில் இருக்கிற எங்கள் தமிழ்ச் சபைக்குக் கனடாவிலிருந்து ஒரு போதகர் வந்து, கனவுகளை இலக்குகளாக்குவது பற்றி ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசினார். கனடாவில் யான்டே சட்டம் கிடையாது என்பது அவர் மைக்கைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. மண்டபம் ஊர் டேனிஷ் தேவாலயத்தாருடையது. நாட்டில் பத்துக்கு ஏழு பேர் அந்தத் திருச்சபையின் உறுப்பினர்கள். அதற்கென்று வரியும் கட்டுகிறார்கள். ஞாயிறு காலையில் மட்டும் வாங்குகளில் இடம் தாராளமாக இருக்கும்.

ஆளுக்கொரு தாள் கிடைத்தது. ஐந்து கட்டங்கள்: தெளிவானதா, அளக்கக்கூடியதா, அடையக்கூடியதா, பொருத்தமானதா, எந்தத் திகதிக்குள்? இது 1981-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் டோரன் என்பவர் முகாமையாளர்களுக்காக எழுதிய 'ஸ்மார்ட்' முறையிலிருந்து வந்தது. ஆனால் தரிசனத்தைப் பலகையில் எழுதிவைக்கும்படி ஆபகூக் தீர்க்கதரிசிக்கு ஆண்டவர் அதற்கு எவ்வளவோ முந்தியே சொல்லிவிட்டார் என்று போதகர் எடுத்துக்காட்டினார். ஆமென் சொன்னோம். பேனாக்கள் விநியோகிக்கப்பட்டன.

மகளுக்கு நல்ல மாப்பிள்ளை வேண்டும் என்று எழுதிய ஒருவர், 'அளக்கக்கூடியதா' என்ற கட்டத்தில் 'ஆறடி' என்று போட்டார். எனக்குப் பின்வாங்கில் இருந்த அண்ணை, பரலோகம் சேர வேண்டும் என்று முத்துமுத்தாக எழுதிவிட்டு, திகதிக் கட்டத்தில் 'அவசரமில்லை' என்று எழுதினார்.

எனக்குப் பேனா ஓடவில்லை. அந்த ஐந்து கட்டங்களைப் பார்க்கப் பார்க்க சீகன்பால்கு என்ற பழைய மிஷனரியின் ஞாபகம்தான் வந்தது. அந்த மனிதர் இந்தத் தாளை நிரப்பியிருந்தால் மூன்றாவது கட்டத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இத்தனைக்கும் அவரைக் கப்பலேற்றிய கனவே டென்மார்க்கின் கனவு. தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியர்கள் கோட்டை கட்டி மிளகு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அரசர் நான்காம் பிரெடெரிக் அங்கே சுவிசேஷமும் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். போவதற்குச் சொந்த நாட்டில் ஆள் கிடைக்கவில்லை. யான்டே சட்டம் அப்போதே அமலில் இருந்ததோ என்னவோ. கடைசியில் ஜெர்மனியிலிருந்து இருவரைப் பிடித்தார்கள்: பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹைன்ரிக் புளூட்சௌ. குருப்பட்டத்துக்கு முன் கோபன்ஹேகன் பேராயர் அவர்களைச் சோதித்தார். இருவரும் பெயில். அரசர் தலையிட்டு மறுபடி சோதிக்க வைத்தபின் பாஸ். டேனிஷ் மொழிச் சோதனையில் விழுந்து எழும்பிய எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் இந்தச் செய்தியைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக் கொடுக்கலாம்.

1705 நவம்பரில் கப்பலேறியவர்கள் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அரசரின் கடிதத்தோடு வந்தவர்களை அங்கிருந்த டேனிஷ் ஆளுநரே வேண்டாத விருந்தாளிகளாக்கினார். நாள் முழுக்கக் காக்கவைத்து, கடைசியில் தெருவில் விட்டுவிட்டுப் போனார். பின்னொரு நாள் சீகன்பால்குவை நாலு மாதம் கோட்டைக்குள் அடைத்தும் வைத்தார். ஐரோப்பாவிலிருந்து அனுப்பிய பணப்பெட்டி ஒன்று கரைக்கு வருகிற வழியில் கடலுக்குள் போனது. அந்த மனிதரோ, திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு குந்தி மணலில் 'அ' எழுதிப் பழகி, ஓராண்டு முடிவதற்குள் தமிழில் பேசத் தொடங்கிவிட்டார். மூன்று பத்தாண்டுகளாக இங்கே இருக்கிற நான் பேக்கரியில் ரொட்டி கேட்டால், கடைக்காரப் பிள்ளை இரக்கத்தோடு ஆங்கிலத்துக்கு மாறுகிறாள். டேனிஷ்காரர்களும் மணலில் குந்தவைத்துப் படிப்பித்திருக்கலாம்.

எனக்குப் பிடித்த கட்டம் இனித்தான். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு பரப்புச் சங்கம் அச்சுப்பொறியும் கொடுத்து அச்சுக்காரர் ஒருவரையும் ஏற்றிவிட்டது. பிரேசில் பக்கம் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தார்கள். அதிலிருந்து மீண்டால் நன்னம்பிக்கை முனைக்குப் பக்கத்தில் அச்சுக்காரர் இறந்துபோனார். 1712-இல் அச்சுப்பொறி மட்டும் தனியாக வந்து இறங்கியது. அதை இயக்கத் தெரிந்த ஒரு ஆள், கடைசியில் பார்த்தால், கோட்டைச் சிப்பாய்களுக்குள்ளேயே இருந்தார். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வார்த்து வந்தன. ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிசு. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு முழுதையும் அடித்தால் கையிருப்புக் காகிதம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். சிறிய எழுத்து வார்க்க ஈயம் வேண்டும். ஈயத்துக்கு எங்கே போவது?

இங்கிலாந்துச் சங்கத்தார் மிஷனரிகள் சாப்பிடட்டும் என்று சீஸ் அனுப்பியிருந்தார்கள். அந்த சீஸ் வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கித்தான் சிறிய தமிழ் எழுத்துகளை வார்த்தார்களாம். 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுதும் அச்சேறின. காகிதத் தட்டுப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்றால், பொறையாறில் காகித ஆலையே தொடங்கிவிட்டார்கள்.

அந்த சீஸைச் சாப்பிட்டது யார் என்பதைப் பற்றி மிஷன் சரித்திரம் பேசாது. யாராவது சாப்பிட்டிருக்க வேண்டுமே. இறை ஊழியத்தில் அதுவும் ஒரு பங்கு. எனக்குக் கிடைத்தால் மறுக்கமாட்டேன்.

பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்த நிலையில் 1719-இல், 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். மீதியைப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார். திகதிக் கட்டத்தின்படி பார்த்தால் இலக்குத் தவறிய கேஸ். போதகரின் தாளில் ஒரு கட்டம் குறைகிறது என்று எனக்கு அப்போதுதான் பட்டது: இப்போது கையில் என்ன இருக்கிறது? விசுவாசம் விசுவாசம் என்கிறோம். வானத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பிறகு குனிந்து சமையலறை அலுமாரியைத் திறந்து பார்க்கிற துணிச்சலும் அதில் சேர்த்தி என்றே நினைக்கிறேன்.

இதை மனைவியின் காதுக்குள் சொன்னேன். அவள் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தாள். இலக்கு: கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம்.

"இந்த வயசிலயோ?" என்றேன்.

"இஞ்சருங்கோ, ஆபிரகாமுக்கு எத்தினை வயசு?"

டென்மார்க்கில் அந்தப் பத்திரம் எடுப்பது வனாந்தர யாத்திரைதான். எட்டு மணித்தியால முதலுதவி வகுப்பு, எழுத்துச் சோதனை, வழுக்குகிற தளத்தில் ஓட்டிப் பழகுவது, பிறகு தெருவில் சோதனை. அவள் எல்லாவற்றையும் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதினாள். நான் சொன்ன புதுக் கட்டத்தையும் ஓரத்தில் கோடு போட்டுச் சேர்த்தாள்: 'கையில் இருப்பது: பழைய டொயோட்டா ஒன்று, பக்கத்தில் இருந்து பயப்பட ஒரு மனுசன்.'

திகதிக் கட்டத்தில்தான் நின்றுவிட்டாள். இந்த நாட்டில் மாதமும் தேதியும் யாருக்கும் வேண்டாம். பல்வைத்தியரிலிருந்து பள்ளிக்கூடம் வரை எல்லாருக்கும் வார எண்தான். ஆனால் யாக்கோபு நிருபத்தைப் படித்து வளர்ந்த ஆள், நாளைக்கு இன்னது செய்வேன் என்று ஒற்றையாக எழுத அவளுக்குக் கை கூசியது. யோசித்து எழுதினாள்: 'கர்த்தருக்குச் சித்தமானால், 42-ஆம் வாரம்.'

போதகர் அதை மேடையில் வாசித்துக் காட்டினார். பெரிய கைதட்டல். வீட்டுக்கு வருகிற வழியில் அவளுக்கு ஞாபகம் வந்தது: 42-ஆம் வாரம் பள்ளி விடுமுறை, பேரப்பிள்ளைகள் வருவார்கள். கைப்பையிலிருந்து தாளை எடுத்து, கர்த்தரை அப்படியே விட்டுவிட்டு, 43 என்று திருத்தினாள்.