கூட்டு வட்டி யானை

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் உட்கார்ந்து ஊராருக்கு வட்டிக் கணக்குப் போட்டவன் நான். கண்டிப் பக்கத்து மடவளையில் இதைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லவேண்டும். பள்ளிவாசல் படியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் கணக்குப் போட்டவன் என்பதை மட்டும் உரத்துச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், போன பெருநாள் வரைக்கும்.

மகளின் மகனுக்கு இரண்டரை வயது. கண்டியில் பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த யானைகளை என் தோளில் ஏறி நின்று பார்த்தவன், வீட்டுக்கு வந்ததும் இறங்க மறுத்துவிட்டான். யானை வேண்டும், ஏற வேண்டும், இப்போதே வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்பா என்றால் வாப்பா அல்ல, பாட்டன். அந்த அப்பாதான் இரண்டு நாள் யானையாக இருந்தேன். மூன்றாம் நாள் முழங்கால் மடங்கவில்லை.

“ஆடுற குதிரை ஒண்டு வாங்கிக் குடுங்க, முடிஞ்சிது” என்றாள் என் மனைவி.

“குதிரை எதற்கு? யானை. வாங்குவது எதற்கு? நான் செய்கிறேன்” என்றேன். அறையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தம்பியின் மகன் எங்கிருந்தோ ஒரு படம் எடுத்து அனுப்பினான். பலகையில் வெட்டிச் செய்யும் ஆடும் யானை. உடம்பு, இருக்கை, காது, அடியில் ஆடுவதற்கு இரண்டு வளைந்த கட்டை எல்லாம் அதில் வரைந்திருந்தது. படம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு. யானை 22 கட்டம் நீளம், 15 கட்டம் உயரம். இருக்கை 11ஆம் கட்டத்தில். கீழே ஒரு குறிப்பு: படம் பாதி அளவு, முழு அளவில் ஒரு கட்டம் ஓர் அங்குலம். அதாவது தாளில் கட்டம் அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். இரண்டு மடங்காக்கினால் யானை ரெடி. இதற்கு வங்கி அனுபவம்கூடத் தேவையில்லை.

அச்செடுத்துக் கொண்டுவந்த தாளில் அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். கட்டம் 12 மில்லிமீற்றர்தான் இருந்தது. அச்சுப்பொறி தன் பாட்டுக்குப் படத்தைத் தாளுக்குள் அடக்குவதற்காகக் கொஞ்சம் சுருக்கிவிட்டிருக்கிறது. கணினியில் அதற்கு ஒரு சிறு பெட்டி உண்டு, அதில் நூற்றுக்கு நூறு என்று சொல்லாவிட்டால் அது இந்த வேலையைப் பார்க்கும். எனக்கோ அளவெடுத்துப் பிழையைக் கண்டுபிடித்த பெருமை. கட்டத்துக்கு 0.7 மில்லிமீற்றர் என்பது கண்ணுக்குத் தெரியாத தூசு. 22 கட்டத்தையும் பெருக்கி, இரண்டு மடங்கும் ஆக்கினால் யானைக்கு ஓர் அங்குலத்துக்கு மேலே தும்பிக்கை போய்விடும். ஆகவே வேண்டியது 200 அல்ல, 25.4ஐ 12ஆல் வகுத்தால் வருகிற 212 வீதம். இதுவரைக்கும் ஒரு பிழையும் இல்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கும் மதிப்போடு இருந்திருப்பேன்.

மடவளை பஸாரில் போட்டோகொப்பி எடுக்கப் போனேன். கடைத் தம்பியிடம் ஏ3 தாள் வரைக்கும்தான் மெஷின் இருந்தது. “அங்கிள், ஏ4ஐ ஏ3 ஆக்கினா 141” என்றான். ஏன் 141 என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆகவே வரிசையில் நின்றவர்களுக்கும் சேர்த்து விளக்கினேன். தாளை நடுவில் வெட்டினாலும் அதன் சாயல் மாறக்கூடாது என்று ஜெர்மனியில் லிக்டன்பெர்க் என்றொரு பேராசிரியர் 1786இலேயே ஒரு கடிதத்தில் எழுதிவைத்தார். 1922இல் வால்ட்டர் போர்ஸ்ட்மன் என்பவர் அதையே ஜெர்மன் நியமமாக்கினார். நீளம் அகலத்தைப் போல் 1.414 மடங்கு இருந்தால்தான் அது நடக்கும். 210க்கு 297. இரண்டின் வர்க்கமூலம். வரிசையில் நின்ற ஒரு பிள்ளை தேசிய அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்திருந்தாள். அவள் பஸ்ஸைத் தவறவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இனித்தான் விஷயம். ஒரு தரம் பெருப்பித்தால் 41 கூடும். எனக்கு வேண்டியது 112 கூட. மூன்று தரம் பெருப்பித்தால் 123. நூறோடு சேர்த்தால் 223. கொஞ்சம் அதிகம்தான், பரவாயில்லை, பிள்ளை வளரும். கடைத் தம்பி ஏ3இல் ஒன்று எடுத்தான். அதை இரண்டாக வெட்டிப் பெருப்பித்து இரண்டு ஏ3. அவற்றையும் அப்படியே வெட்டிப் பெருப்பித்து நாலு ஏ3. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டட வரைபடம் எடுத்துப் போகும் என்ஜினியரைப் போல பஸாரின் நடுவால் நடந்து வந்தேன்.

வீட்டில் விறாந்தையில் நாலு தாளையும் பொருத்திப் பரப்பினேன். ஓரத்தில் மெஷின் தின்ற சில மில்லிமீற்றர்களைப் பென்சிலால் இணைத்துவிட்டேன். மனைவி வெளியே வந்து பார்த்தாள்.

“இதென்ன, ராஜாவா?”

தலதா மாளிகை வளவில் ராஜா என்ற கொம்பன் நிற்கிறது. வருஷக்கணக்காகப் பெரஹராவில் புனிதப் பேழை சுமந்தது. 1988இல் இறந்ததும் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். சுருக்கமும் பெருக்கமும் இல்லாத முழு அளவு. அவள் சொன்னது கிண்டல். ஆனாலும் அடிமட்டத்தை வைத்தேன். கட்டம் 27 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருக்கவேண்டும். 33ஐத் தாண்டி நின்றது.

முதலில் மெஷினைச் சந்தேகித்தேன். பிறகு கடைத் தம்பியை. பிறகு லிக்டன்பெர்க்கை. இஷாவுக்குப் பிறகு படுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. 141இல் 141, அதில் இன்னொரு 141. முதல் தரம் கூடிய 41க்கும் சேர்த்தல்லவா இரண்டாம் தரம் 41 கூடுகிறது! 141, 199, 280. கூட்டு வட்டி. எத்தனை பேருக்கு, எத்தனை ஆயிரம் தரம் இதைப் போட்டுக் கொடுத்திருப்பேன். என் சொந்த யானைக்கு மட்டும் தனி வட்டி போட்டுவிட்டேன். எழும்பி இருந்து தண்ணீர் குடித்தேன். பக்கத்தில் படுத்திருந்தவளிடம் சொல்லவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் என்னைவிட நல்ல பெறுபேறு எடுத்தவள். அதை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

காலையில் புதிய தத்துவத்தோடு எழும்பினேன். யானை இருக்கவேண்டியதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிசு, அவ்வளவுதானே? 29 அங்குல நீளம், 20 அங்குல உயரம். நல்லதுதான். அடுத்த பேரனும் ஏறலாம்.

பிளைவூட் வாங்கக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். படத்தின் குறிப்பில் 8 சதுர அடி பலகை போதும், அரை அங்குலத் தடிப்பு என்று இருந்தது. யானை மூன்றில் ஒரு பங்கு பெரிதானால் பலகையும் மூன்றில் ஒரு பங்கு கூட. பத்தே முக்காலுக்குக் கிட்ட. கை தாராளமாகி, நாலுக்கு மூன்று அடித் துண்டு ஒன்றை, 12 சதுர அடி, 12 மில்லிமீற்றர் தடிப்பில் வெட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். தனி வட்டிக்காரன் இரண்டாம் தரமும் விழுந்த குழி இது. நீளமும் கூடுகிறது, அகலமும் கூடுகிறது. 1.32ஐ 1.32ஆல் பெருக்கவேண்டும். ஒன்றே முக்கால் மடங்கு. 14 சதுர அடி வேண்டும். உடம்பு இரண்டு வெட்டியாயிற்று, இருக்கை ஆயிற்று, ஆடும் கட்டைகள் ஆயின. கடைசியில் ஒரு காதுக்குத்தான் பலகை மிஞ்சியது.

ஒற்றைக் காது யானை எத்தனையோ இருக்கும், காட்டில் சண்டை பிடித்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். சமாளிக்க முடியாமல் போனது பொருத்தும்போதுதான்.

இந்த யானையில் ஆணி இல்லை. ஒரு பலகையில் வெட்டிய வாய்க்குள் மற்றப் பலகை புகுந்து இறுகி நிற்கவேண்டும். அதுதான் அதன் அழகே. படத்தில் அந்த வாய் அரைக் கட்டம், அதாவது அரை அங்குலப் பலகைக்கு அரை அங்குல வாய். நான் படத்தைப் பெருப்பித்தபோது வாயும் பெருத்துவிட்டது. 17 மில்லிமீற்றர் வாய்க்குள் 12 மில்லிமீற்றர் பலகை. ஒவ்வொரு பொருத்திலும் 5 மில்லிமீற்றர் இளக்கம். நிமிர்த்தி வைத்தேன். யானை ஒரு பக்கம் சாய்ந்து யோசித்தது. பிறகு மற்றப் பக்கம் சாய்ந்தது. ஆடும் யானைதான், ஆனால் ஆடவேண்டிய திசையில் ஆடவில்லை.

பிஸ்கட் பெட்டி மட்டையை மடித்துச் செருகினேன். மறுநாள் கதவுக்குக் கொண்டி போட வந்த தச்சுப் பாஸ் அதைப் பார்த்தார். வத்தேகம பக்கத்துச் சிங்களவர், நல்ல தமிழ் பேசுவார். யானையைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். மட்டையை உருவி அதில் எழுதியிருந்ததை வாசித்தார். பிறகு சொன்னார்: “நானா, நீங்க படத்தப் பெருசாக்கினீங்க. பலகைய யார் பெருசாக்கிறது?”

கலிலியோ 1638இல் ஒரு புத்தகத்தில் இதைத்தான் எலும்பு வரைந்து காட்டினார். மிருகத்தைப் பெரிதாக்கினால் எலும்பையும் அதே கணக்கில் பெரிதாக்கினால் போதாது, இன்னும் தடிப்பாக்கவேண்டும், பாரம் அதைவிட வேகமாகக் கூடும் என்று. என் யானைக்குத் தடிப்பையும் சேர்த்துப் பெருக்கியிருந்தால் பாரம் இரண்டேகால் மடங்கைத் தாண்டியிருக்கும். கலிலியோ சொல்ல ஒரு புத்தகம் எழுதினார். பாஸ் ஒரு பிளேன்ரீயோடு முடித்துவிட்டார்.

பிள்ளையைக் கொண்டுவந்து ஏற்றினோம். 11ஆம் கட்டத்து இருக்கை 14 அங்குலத்தைத் தாண்டியிருந்தது. மனைவி தையல் டேப்பால் அவன் காலை அளந்தாள். 12 அங்குலம். கால் அந்தரத்தில் தொங்க, அவன் குனிந்து தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒற்றைக் காதைப் பார்த்தான்.

“மாடு” என்றான்.

அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு வந்தபோது, மனைவி போன வருஷக் கலண்டரின் ஒரு தாளைக் குப்புறப் போட்டு, அதன் முதுகில் தையல் டேப்பும் நீண்ட கோலுமாக அங்குலத்துக்கு அங்குலம் கோடு கீறிக்கொண்டிருந்தாள். போதாத இடத்தில் இன்னொரு மாதத்தை ஒட்டியிருந்தாள். சின்னப் படம் பக்கத்தில். அதில் மேலே 1, 2, 3 என்று 22 வரைக்கும், ஓரத்தில் 15 வரைக்கும் இலக்கம் போட்டு, பெரிய தாளிலும் அதே இலக்கம். பிறகு ஒன்றுமில்லை: சின்னப் படத்தில் யானையின் முதுகு 7ஆம் கட்டத்தின் நடுவில் கோட்டை வெட்டுகிறதா, பெரிய தாளிலும் 7ஆம் கட்டத்தின் நடுவில் ஒரு புள்ளி. 8ஆம் கட்டத்தில் மூலையைத் தொடுகிறதா, அங்கேயும் மூலையில் ஒரு புள்ளி. புள்ளிகளைக் கையால் வளைத்து இணைத்தாள். தும்பிக்கை வந்தது. அச்சுப்பொறி சுருக்கியதோ மெஷின் தின்றதோ இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை. கட்டம் எத்தனை மில்லிமீற்றரானால் என்ன, எண்ணிக்கை எண்ணிக்கைதானே.

“எங்க படிச்ச?” என்றேன்.

சுவரைக் காட்டினாள். அங்கே மெனிக்ஹின்ன பக்கத்துக் கலசிறிகமவில் வாங்கிய தும்பறை நெசவு ஒன்று இருபது வருஷமாகத் தொங்குகிறது. அதிலும் யானை. தும்பறை யானையை உற்றுப் பார்த்தால் வளைவே கிடையாது, எல்லாம் படிக்கட்டு. இத்தனை இழை குறுக்கே, இத்தனை இழை மேலே என்று நெய்கிறவர் எண்ணி எண்ணி ஏற்றியது. ஒரு இழைக்கு இரண்டு இழை என்று எண்ணினால் யானை இரட்டிக்கும். ஆனந்த குமாரசுவாமி இங்கே சுற்றித் திரிந்து கண்டிக் கைத்தொழில்களைப் பற்றி 1908இல் போட்ட பெரிய புத்தகத்தில் நெசவும் இருக்கிறது. என் சுவரிலும் இருந்தது. நான் அதில் தூசு தட்டியதோடு சரி.

“அப்ப அந்த வாய்?” என்றேன், ஒரு பிழையாவது பிடிக்கலாம் என்று.

அவள் மிஞ்சிய பலகைத் துண்டு ஒன்றை எடுத்து, ஓரத்தைத் தாளில் நிமிர்த்தி வைத்து, இரண்டு பக்கமும் பென்சிலால் கீறினாள். அவ்வளவுதான். அரைக் கட்டமும் இல்லை, அரை அங்குலமும் இல்லை, அந்தப் பலகை எவ்வளவு தடிப்போ அவ்வளவு. கடையில் 12 என்று விற்கிற பலகை சரியாக 12 இருப்பதில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

பாஸ் ஒரு மத்தியானத்தில் வெட்டிக் கொடுத்தார். இரண்டாவது யானை 22 அங்குல நீளம், 15 உயரம், இரண்டு காது. தட்டித்தான் பொருத்தவேண்டியிருந்தது, அவ்வளவு இறுக்கம். 11 அங்குல இருக்கையில் உட்கார்ந்தால் பிள்ளையின் பாதம் தரையில் படுகிறது. யார் செய்தது என்று கேட்கிறவர்களிடம் “வீட்டில் செய்தது” என்கிறேன். பொய் இல்லை.

பெரியது இன்னும் விறாந்தையில்தான் நிற்கிறது. மழைக்காலத்தில் குடை காயவைக்கிறோம், மற்ற நாளில் பூனை படுக்கிறது. யாருக்காவது தேவையென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். பிள்ளையின் கால் 15 அங்குலமாவது இருக்கவேண்டும். காதுக்கு ஒரு துண்டுப் பலகை நீங்களே கொண்டுவாருங்கள். பிஸ்கட் பெட்டி மட்டை நான் தருகிறேன்.