காத்திருப்பியல்: பிரிட்டன் டிரைவிங் டெஸ்டை முன்வைத்து ஒரு திணை ஆய்வு

அகத்திணை ஐந்தனுள் காத்திருத்தலுக்கென்றே ஒதுக்கப்பட்டது முல்லை. வினைமேல் சென்ற தலைவன் வரும்வரை தலைவி ஆற்றியிருப்பது அதன் உரிப்பொருள். இங்கிலாந்தில் கார் பழகும் பதினேழு வயதுப் பிள்ளை, டெஸ்டுக்குத் தேதி கிடைக்கும்வரை ஆற்றியிருப்பதை எந்தத் திணையில் வைப்பது என்ற வினாவைப் புலவர் உலகம் கண்டுகொள்ளவேயில்லை. அக்குறை இக்கட்டுரையால் நீங்கும்.

முதலில் பொழுது. பெரும்பொழுது கார், இதற்கு உரை வேண்டா. சிறுபொழுது முல்லைக்கு மாலை என்பர். இங்கே அது திங்கட்கிழமை காலை 6 மணி. தேர்வை நடத்தும் டிவிஎஸ்ஏ என்னும் அரசு முகமை புதிய தேதிகளைத் திறந்துவிடும் நேரம் அது. 24 வாரங்களுக்கு அப்பாலுள்ள தேதி எதையும் அது காட்டாது. தலைமகன் 5.50-க்கே எழுந்து, பல் துலக்காமல், போர்வைக்குள் லேப்டாப்பை இழுத்துக்கொள்கிறான். புரொவிஷனல் லைசன்ஸ் எண் ஒரு துண்டுச்சீட்டில், தியரி பாஸான எண் உள்ளங்கையில். ஆறு அடித்ததும் திரையில் வருவது தேதியன்று. 'நீங்கள் வரிசையில் இருக்கிறீர்கள்' என்ற அறிவிப்பு. காத்திருப்பதற்கு இடம் பிடிக்கக் காத்திருக்கும் இந்நிலையை 'ஈரடுக்குக் காத்திருப்பு' எனக் குறியிடுவோம்.

நிலம் யாது எனின், தீவு முழுதும் என்க. லண்டன்காரர் பக்கத்துச் சென்டரில் இடமின்றி, முன்பின் அறியாத ஊரொன்றில் தேதி பிடித்து, முதல்நாளே போய் அறையெடுத்துத் தங்கி, அவ்வூர் ரவுண்டபவுட்களை மனப்பாடம் செய்கிறார். கருப்பொருளுள் விலங்கு, பாட். கண்ணுக்குப் புலப்படாத இம்மென்பொருள் மனித விரல் அசையுமுன் தேதிகளை மேய்ந்துவிடும். வாரநாளில் 62 பவுண்டு கட்டணமுள்ள தேர்வுக்கு இடைத்தரகரிடம் 500 பவுண்டு வரை கொடுத்தவர்கள் உண்டென்று தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 டிசம்பரில் எழுதியது. பிளாக் டிக்கெட் அறிந்த தமிழர்க்கு இதில் வியப்பில்லை. படம் முடிந்ததும் பார்வையாளரில் பாதிப்பேரை மறுபடி டிக்கெட் வாங்க அனுப்பும் தியேட்டர் மட்டும் நாம் கண்டதில்லை.

இனி வரலாறு. இத்தேர்வு 1935 மார்ச்சில் தொடங்கியபோது கட்டாயமில்லை, விரும்பினால் எழுதலாம். காரணம், ஜூன் 1-இல் கட்டாயமாகும்போது கூட்டம் அலைமோதக் கூடாது என்ற முன்யோசனை. ஆக, வரிசையைப் பற்றிய அச்சம் கட்டாயத் தேர்வைவிட இரண்டரை மாதம் மூத்தது. அன்று சென்டர்கள் இல்லை. தேர்வாளர் ரயில் நிலையத்திலோ பூங்காவிலோ வந்து நிற்பார். கட்டணம் ஏழரை ஷில்லிங். 1939 செப்டம்பரில் போருக்காக நின்ற தேர்வு, 1946 நவம்பரில்தான் மீண்டது. ஏழாண்டு காத்திருப்பு! ஆனால் 1947-இல் அரசு, போர்க்காலப் புரொவிஷனல் லைசன்ஸ் வைத்திருந்தோர் தேர்வே இல்லாமல் முழு லைசன்ஸாக மாற்றிக்கொள்ள ஓராண்டு அவகாசம் தந்தது. தவம் நீண்டால் வரம் வரும் என்பதற்குக் காத்திருப்பியலில் உள்ள ஒரே சான்று இதுதான். பின்வந்தோர்க்கு அது வாய்க்கவில்லை.

காத்திருப்பு ஏன் குறைவதில்லை? 2020-இல் கொரோனாவுக்கு முன் ஏறத்தாழ 5 வாரமாக இருந்தது, 2025 செப்டம்பரில் சராசரி 22 வாரமாயிற்று. தேர்வாளர் போதவில்லை என்பர், மெய்யே. ஆனால் ஆள் போட்டாலும் தீராத பகுதி ஒன்றுண்டு. தேதி கிடைக்காது என்ற பயத்தில், கிளட்ச் எது பிரேக் எது என்று தடுமாறும் கட்டத்திலேயே பிள்ளைகள் தேதி போட்டுவிடுகிறார்கள், அதற்குள் பழகிவிடலாம் என்ற நம்பிக்கையில். நாள் நெருங்கும்; கை பழகியிருக்காது. தள்ளிப்போட்டால் இன்னும் ஆறு மாதம். 'சரி, போய்த்தான் பார்ப்போமே' என்று போகிறார்கள். 'மைனர்' என்னும் சிறு பிழைகள் பதினைந்து வரை மன்னிப்பு உண்டு. 'சீரியஸ்' என்னும் பெரும் பிழை ஒன்று விழுந்தால் கதை முடிந்தது. பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தோற்று வரிசையின் வாலுக்கே வந்து சேர்கிறார்கள். வால் நீண்டதைக் கண்டவர்கள் இன்னும் முன்கூட்டித் தேதி போடுகிறார்கள். அதாவது இவ்வரிசை கார் ஓட்ட ஆசைப்படுவோரால் வளர்வதைவிட, வரிசைக்கு அஞ்சுவோரால் வளர்வதே அதிகம். என் முடிபு இதுவே. மறுப்போர் திங்கட்கிழமை 5.50-க்கு எழுந்து பார்க்கட்டும்.

தமிழர்க்குரிய சிறப்பு விதி ஒன்றும் உளது. இலங்கை, இந்திய லைசன்ஸில் பிரிட்டனில் குடியேறியவர் 12 மாதம்தான் ஓட்டலாம். ஆண்டுக்கு 52 வாரம். ஒருமுறை தோற்று இருமுறை 24 வாரம் காத்தால் 48. மிச்சம் நான்கில் தியரிக்கும் படிக்க வேண்டும். கெடு தப்பினால், இலங்கையின் ஏ9 வீதியில் இருபது வருடம் வேன் ஓட்டியவரும் சிவப்பு எல் போர்டு மாட்டி, மூன்றாண்டு லைசன்ஸுள்ள இருபத்தொரு வயது நிரம்பியவர் எவரையாவது பக்கத்தில் வைத்துத்தான் கடைக்குப் போகலாம். பெரும்பாலும் அது மருமகன். கோயில் அன்னதான வரிசையில் நலம் விசாரிப்பே மாறிவிட்டது.

"என்ன தம்பி, டேட் கிடைச்சுதோ?"

"இல்லை அண்ணை, கேன்சலேஷன் பாத்துக்கொண்டிருக்கிறன்."

கேன்சலேஷனாவது, பிறர் கைவிட்ட தேதிக்காகக் கொக்குபோல் நிற்றல். 2025 ஏப்ரல் முதல், கட்டணம் போகாமல் தேதியை மாற்ற 3 வேலைநாள் முன்னறிவிப்பு போதும் என்றிருந்தது 10 ஆயிற்று. கடைசி நேரத்தில் நழுவுவோர் குறைவார்கள் என்பது முகமையின் கணக்கு. அவர்கள் நழுவவிட்டதைப் பொறுக்கியே பாஸானவர்களும் குறைவார்கள் என்பது கொக்குகளின் கணக்கு.

அரசும் சும்மா இல்லை. சராசரியை 7 வாரமாக்கும் இலக்கு 2025 முடிவுக்குள் என்றிருந்து 2026 கோடைக்குத் தள்ளிப்போனது. இலக்குக்கும் தேதி கிடைக்கவில்லை போலும். 2025 நவம்பரில், ராணுவத் தேர்வாளர் 36 பேர் வாரத்துக்கொரு நாள் வந்து கைகொடுப்பர் என்று அறிவித்தார்கள். 1956-இல் சூயஸ் நெருக்கடியின்போது இதற்கு நேரெதிர் நடந்தது: தேர்வு நிறுத்தப்பட்டு, தேர்வாளர்கள் பெட்ரோல் ரேஷன் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். பழகுநர்கள் பக்கத்தில் ஆளில்லாமலே ஓட்டலாம் என்றும் விட்டார்கள்.

எஞ்சிய ஐயம் ஒன்று. தோற்றவர் குறைந்தது 10 வேலைநாள் கழித்தே மறுதேர்வு எழுதலாம் என்றொரு விதி இன்றும் உயிரோடிருக்கிறது. அவசரக்காரரைத் தடுக்க வந்ததாம். அதனால் தடுக்கப்பட்டவர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.