ஊருக்கு வெப்சைட்டாம், அதுக்கு ஒரு பஞ்சாயத்தாம்!

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. ஊருக்கு வெப்சைட்டு போடப் போறீகளாம்ல? நல்ல காரியம்தான். ஆனா சித்திரையில இருந்து எதுல போடுறதுன்னே சண்டையாமே? ஒருத்தன் வேர்ட்பிரஸ்ங்கான். ஒருத்தன் டுருபல்ங்கான். இன்னொருத்தன், ரெண்டும் ஆகாது, நானே புதுசா எழுதுறேன்ங்கான். அவனைக் கொஞ்சம் தள்ளியே வையி.

அப்படி என்னத்தைய்யா ஏத்தப் போறீக? பங்குனிப் பொங்கல் தேதி. கம்மாய் மராமத்து வசூல் கணக்கு. மல்லிப்பூ வெல. யாரு வீட்டுல விசேசம், யாரு வீட்டுல எழவு. இம்புட்டுத்தான? ஒரே நேரத்துல பத்து லட்சம் பேரு வந்தா தாங்குமான்னு கேக்குறானாம் உன் சேக்காளி. திருச்சுழித் தேருக்கே அம்புட்டுப் பேரு வரமாட்டாகளே!

டுருபலை நான் கொற சொல்லல. பெல்ஜியத்துல ட்ரீஸ் பய்டார்ட்னு ஒரு படிக்கிற பையன், விடுதிக் கூட்டாளிக சேதி போட்டுக்கிறதுக்காக ஆரம்பிச்சது. 2001ல வெளிய விட்டான். இன்னைக்குப் பெரிய பெரிய யுனிவர்சிட்டி, கவருமெண்டெல்லாம் அதுல ஓடுது. நல்ல சரக்கு. ஆனா அதோட 7ஆம் பதிப்புக்கு 2025 ஜனவரி 5ஓட பராமரிப்பை நிறுத்திட்டாக. அதுல இருந்து அடுத்த பதிப்புக்குப் போறது பட்டனைத் தட்டுற சோலி இல்ல. பாதி வீட்டைப் பிரிச்சுக் கட்டணும். நம்ம சைட்டுக்கும் அப்படி ஒரு நாள் வந்தா, அந்நேரம் நீ எங்க இருப்ப? டெக்சாஸ்ல இருப்ப. இங்க எவன் கட்டுறது?

வேர்ட்பிரஸ் பொறந்த கதை தெரியுமா? பி2ன்னு ஒரு மென்பொருள் இருந்துச்சு. எழுதுன ஆளு திடீர்னு பேச்சுமூச்சைக் காணோம். வேற சாமானா இருந்தா அதோட செத்திருக்கும். யாரு வேணா எடுத்துத் திருத்தலாம்ங்கிற ஜிபிஎல் உரிமத்துல இருந்ததால, ஹூஸ்டன்ல மேட் முல்லன்வெக்குன்னு 19 வயசுப் பயலும் இங்கிலாந்துல மைக் லிட்டிலும் 2003ல அதைத் தூக்கி நிறுத்துனாக. இன்னைக்கு உலகத்துல பத்து சைட்டுன்னா நாலு அதுலதான். செஞ்சவன் போனாலும் இன்னொருத்தன் எடுத்து ஓட்ட முடியுமான்னு பாரு. மத்ததெல்லாம் பெறகு.

நம்ம ஊருல கம்மாயை வெட்டுனது யாருன்னு எவனுக்காவது தெரியுமா? மடை தொறக்குற நீர்ப்பாய்ச்சி யாருன்னு கேளு, சின்னப்புள்ள கூடச் சொல்லும். உங்க சைட்டுக்கு நீர்ப்பாய்ச்சி யாருப்பா?

விருதுநகர் மாவட்ட சைட்டைப் பாத்தியா? தேசியத் தகவலியல் மையம் ஒரே சட்டத்தை அடிச்சு மாவட்டம் மாவட்டமாக் குடுத்திருக்கு. கலெக்டரு மாறுறாரு, சட்டம் அப்படியே கெடக்கு. இலங்கைத் தமிழருக நூலகம்னு ஒரு சைட்டை 2005ல ஆரம்பிச்சாகளே, அது விக்கிபீடியா ஓடுற அதே மீடியாவிக்கியில. மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சது. பழைய புத்தகத்தைத் தட்டச்சு பண்ணி, சாதாப் பக்கமாவும் பிடிஎஃப்பாவும் போட்டாக. மினுக்கு ஒண்ணும் கெடையாது. டிஸ்கிங்கிற பழைய எழுத்து முறை போயி யூனிகோடு வந்தப்ப, சரக்கை அள்ளிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டாக. உங்க சைட்டுல இருந்து அப்படி அள்ள முடியுமா? மொதல்ல அதைக் கேட்டியா?

கேக்க மாட்ட. மொகப்புல ஊர்ச் சங்கத் தலைவர் போட்டோ வழுக்கிக்கிட்டு வரணும், அதான உங்க கமிட்டி தீர்மானம்? 2014ல ரெவல்யூஷன் ஸ்லைடர்னு படம் நகத்துற ப்ளக்இன்ல ஓட்டை. அது வழியா லட்சம் வேர்ட்பிரஸ் சைட்டுக்கு மேல கெட்டுப்போச்சு. உள்ள ஏத்துற ஒவ்வொரு ப்ளக்இன்னும் ஒரு கொல்லைக் கதவு. அதை எவன் ராத்திரி சாத்துறது? போதாக்கொறைக்கு, கேமராவுல எடுத்த படத்தை 5 எம்பியோட அப்படியே ஏத்துவீக. நரிக்குடிப் பக்கம் சிக்னல் ஒத்தக் கோடு. வட்டம் சுத்தும், சுத்தும்... பாக்குறவன் போனைப் பைக்குள்ள போட்டுட்டு ஆட்டை முடுக்கிக்கிட்டுப் போயிருவான்.

சங்கத்துல கணக்குத் தட்டுற புள்ள இருக்குல்ல? அது கையில போனைக் குடு. பொங்கல் தேதியை ஏத்தச் சொல்லு. நீ வாயத் தொறக்கப்படாது. காப்பி ஆறுறதுக்குள்ள ஏத்திருச்சா? அதையே போடு. டுருபலா இருந்தாலும் சரி, வேர்ட்பிரஸா இருந்தாலும் சரி. தெணறுச்சா? உன் சேக்காளி என்ன சொன்னாலும் அதை விட்ரு.

ஆமா, சைட்டுப் பேரை எவன் பேர்ல பதியப் போறீக? உன் சொந்த மெயில்லயா? உன் கார்டு காலாவதியானா ஊரே காலாவதியாயிரும்டா. சங்கத்துப் பேர்ல ஒரு மெயில் தொற. பாஸ்வேர்டு ரெண்டு பேருகிட்ட இருக்கட்டும், ஒராளு உள்ளூரா இருக்கணும். தலைவருகிட்ட மட்டும் குடுத்துராத. மகன் கல்யாணப் பத்திரிகையை மொதப் பக்கத்துல ஏத்திப்புட்டு, பேரனுக்குக் காது குத்துற வரைக்கும் எடுக்கமாட்டாரு.