ஹெச் அண்ணாத்தே

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ட்யூஷன் சென்டருக்கு ஒருவராவது இப்படித் தேறுவார். எக்ஸ் ஸ்கொயருக்கு வகைக்கெழு கேட்டால் மற்ற பிளஸ் ஒன் பிள்ளைகள், "பவரை முன்னாடி போடு, பவர்ல ஒண்ணைக் குறை" என்று 2எக்ஸ் எழுதிவிட்டு வடை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். நம்மவருக்கு முதல் கொள்கைதான் வேதம். எக்ஸோடு ஹெச்சைக் கூட்டி, வர்க்கமாக்கி, பழைய எக்ஸ் ஸ்கொயரைக் கழித்து, ஹெச்சால் வகுத்து, மிஞ்சிய 2எக்ஸ் கூட்டல் ஹெச்சில் ஹெச்சை மட்டும் பூஜ்ஜியத்தை நோக்கி அனுப்பிவைப்பார். வருவது அதே 2எக்ஸ்தான். வடை தீர்ந்திருக்கும்.

ஒரு மதிப்பெண் கேள்வியில் சைன் எக்ஸ் வந்தால் இன்னும் விசேஷம். காஸ் எக்ஸ் என்று எழுதினால் தீர்ந்தது. ஆனால் சைன் ஹெச்சை ஹெச்சால் வகுத்தால் 1-ஐ நெருங்கும் என்று யார் நிரூபிப்பது? வட்டம் போடுவார், உள்ளே ஒரு முக்கோணம், வெளியே ஒரு முக்கோணம். 90 மதிப்பெண் தாளில் அந்த ஒன்றை ஐயம் திரிபற வென்று நிமிரும்போது மேற்பார்வையாளர் தாளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்.

கூட்ஸுக்கு வழிவிட்டு மின்சார ரயில் அத்திப்பட்டில் நின்றால் அதுவும் பாடம்தான். "சென்ட்ரல்லேர்ந்து கும்மிடிப்பூண்டி 48 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். சராசரி 32. ஆனா இந்தக் கணத்துல வேகம் பூஜ்ஜியம். அதான் வகைக்கெழு."

"ஐஸு கரையுது, இதுக்கு புக்கு வேறயா?" என்பார் பக்கத்து மீன்கார அம்மா.

எட்டாவது படிக்கும் தங்கச்சியிடம்தான் அண்ணாத்தே மாட்டுவார். "வகுக்கும்போது ஹெச் பூஜ்ஜியம் இல்லேன்னே. வகுத்து முடிச்சதும் பூஜ்ஜியம்னு தூக்கிப் போடுறியே, இன்னாண்ணா நியாயம் இது?" 1734-இல் பிஷப் பெர்க்லி நியூட்டன் கட்சிக்காரர்களை மடக்கியதும் இதே இடத்தில்தான். கோஷி எல்லையை வைத்து 1821-இல் ஒழுங்கு பண்ணும்வரை ஐரோப்பாவே மென்று விழுங்கியது. அண்ணாத்தே விழுங்கினால் என்ன தப்பு?

ரோலிங் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா கேட்பார்: "பாஸ் ஆவியாடா?"

"பாஸ் மார்க்கை நெருங்கிக்கினே கீறேன்ப்பா."

"தொடுவியா?"

"தொடணும்னு அவசியமில்லப்பா. எல்லைன்னா இன்னான்னா..."

ஒரு கால் சேஃப்டி ஷூவை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அப்பா விளக்கத்தை முழுசாகக் கேட்பார்.