ஆளில்லாத நாற்காலிக்கு ஆள்

வங்கியில் என் பதவி கிளார்க். கூப்பிடும் பெயர் வேறு. “டெபுடேஷன் வந்தாச்சா?” என்று மேனேஜர் கேட்டால் அது என்னைத்தான்.

பேருக்குத் திண்டிவனத்தில் ஒரு கிளை உண்டு. ஆனால் பிரம்மதேசத்தில் ஒரு அம்மாவுக்குப் பிரசவம், மரக்காணத்தில் ஒருவருக்குச் சிக்குன்குனியா, கோட்டக்குப்பத்தில் ஒருவரின் மாமனார் தவறிவிட்டார் என்று போன் வந்தால், மறுநாள் காலை அந்த நாற்காலியில் நான். அந்த மாமனார் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பதினாறாம் நாள் வரை அவருக்காக உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

போதாததற்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று. முக்கியமான சீட்டில் இருப்பவரை ஆண்டுதோறும், முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ந்து 10 வேலை நாளாவது விடுப்பில் அனுப்ப வேண்டும். வேறொருவர் உட்கார்ந்து பார்த்தால் தில்லுமுல்லு வெளியே வரும் என்பது கணக்கு. நியாயமான விதிதான். ஆனால் போகிறவருக்கே தெரியாதபோது, வருகிறவனுக்கு யார் சொல்லப் போகிறார்கள்? நான் தில்லுமுல்லு எதையும் கண்டுபிடித்ததில்லை. டிராயர்களில் கிடைத்ததெல்லாம் காய்ந்த எலுமிச்சையும் காலாவதியான இருமல் மருந்தும்.

போனதும் வேலையைத் தொடங்கிவிடவும் முடியாது. என் யூசர் ஐடி நேற்றைய கிளையிலேயே இருக்கும். அது மரக்காணம் வந்து சேர்வதற்குள் நான் பஸ்ஸில் திண்டிவனம் போய்த் திரும்பிவிடலாம். பயணப்படி பில் இன்னும் மோசம். இந்தக் கிளை அந்தக் கிளையைக் கைகாட்டும். என்னைவிட அதிகம் ஊர் சுற்றியது என் பில்தான்.

இருந்தாலும் மரக்காணம் தனி. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபக்கமும் உப்புப் பாத்திகள், காற்றிலேயே உப்பு. ஷட்டர், பூட்டு, மின்விசிறி, எல்லாம் துருப்பிடித்துச் சண்டை போடும். கிளையின் பஞ்சாங்கமும் உப்பளத்தின் பஞ்சாங்கமும் ஒன்று. ஐப்பசியில் மழை இறங்கினால் அளத்தில் வேலை நிற்கும், கவுண்டருக்கு நகை வரும். மழை ஓய்ந்து, பாத்தியைச் சீர்செய்து, வெயில் ஏறி, உப்பு வாரத் தொடங்கினால் நகை மெல்ல வீடு திரும்பும். வேலையில்லாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருவதை அரசு 2022-இல் தொடங்கியது. அது கணக்கில் விழும் நாளில் கிளைக்குள் காற்று நுழையவும் இடமிருக்காது.

அப்படி ஒரு நாள், கேஒய்சி புதுப்பிக்க ஒரு பாட்டி வந்தார். காலமெல்லாம் உப்பு வாரி ரேகை தேய்ந்த கை. கட்டை விரலை வைத்தார், மெஷின் ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், ஊஹூம். துடைத்து வைத்தும் பயனில்லை.

“எந்த வெரலும் எடுக்கலையேம்மா?”

“அந்த சாரு இருந்தா எடுத்துடும் தம்பி.”

“அவர் வெரலையா வைக்கிறாரு?”

“எடது கை மோதிர வெரல வச்சு ஒரு அமுக்கு அமுக்குவாரு.”

“இதை மொதல்லயே சொல்லக் கூடாதா?”

“நீ கேக்கவேயில்லியே!”

யாருக்கு எந்த விரல் என்பது எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. அது சிக்குன்குனியாவில் படுத்திருப்பவரின் தலைக்குள் இருக்கிறது. அவருக்குப் போன் போட்டேன். முனகிக்கொண்டே இன்னும் நாலு பேரின் விரல் விவரம் சொன்னார். கடைசியில் தன் டிராயரைத் திறக்க வேண்டாம் என்றார்.

பக்கத்திலேயே கழுவெளி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கடல் தாண்டி வந்து போகும் பறவைகளுக்கு 5,000 ஹெக்டேருக்கும் மேல் இடம். வந்து போகும் கிளார்க்குக்கு டிபன் டப்பா வைக்க அலமாரியில் ஒரு தட்டு கேட்டேன். “நீங்க நாளைக்கே போயிடுவீங்களே சார்” என்றார்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கிளையில் தெரியாத முகம் உட்கார்ந்திருந்தால், “பழைய சார் எப்ப வருவாரு?” என்று கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். வேலை செய்கிற விரல் எது என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.