மூக்குல ஈயம் வெச்சயா, கண்ணு?

ஏஞ் சாமி, பெட்டி மேல இருக்கற படத்தப் பாத்து வாங்குனயா, உள்ளார இருக்கறதப் பாத்து வாங்குனயா? படத்துல நேட் விமானம் மேகத்தக் கிழிச்சுக்கிட்டுப் போகுது. உள்ளார பாத்தா சாம்பக் கலர்ல ரண்டு சட்டம், மூடி ஒண்ணு, மடிச்ச தாளு ஒண்ணு. படம் வரஞ்சவனும் அச்சு வெட்டுனவனும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல போல. பரவால்ல, வாங்கியாச்சு. இனி கம்பெனிக்காரனத் திட்டற வேலையக் காப்பி குடிக்கற நேரத்துக்கு ஒதுக்கி வெய்யி. கத்தி கையில இருக்கறப்பத் திட்டுனா வெரலு போயிரும்.

அப்புச்சிக்கு விமானத்தப் பத்தி என்ன தெரியும்னு உன்ற அம்மாகிட்ட முணுமுணுத்தது காதுல விழுந்துச்சு. விமானத்தப் பத்தித் தெரியாது. அச்சப் பத்தித் தெரியும். பீளமேட்டுப் பவுண்டரிகளுக்கு மரத்துல பேட்டர்ன் செதுக்கித்தான் உன்ற அம்மாளக் கட்டிக்குடுத்தேன். உருக்கி அச்சுல ஊத்தறது பெரும்பாலும் ஆறுனாச் சுருங்கும். இரும்பும் அப்படித்தான், உன்ற பிளாஸ்டிக்கும் அப்படித்தான். தடிச்ச எடம் கடைசியா ஆறும், அங்க மேல்தோல உள்ளுக்கு இழுத்துக்கும். றெக்கை சேர்ற எடத்துல ஒரு பள்ளம் இருக்குதே, எதிரி சுட்ட குண்டுன்னு நெனைச்சுக்கிட்டயா? சூடு ஆறுன தழும்பு அது. ஓரமெல்லாம் மெல்லிசாத் தொங்கறது பிசிறு. அச்சோட ரண்டு பாதியும் தேஞ்சு சந்து விட்டா அதுல கசிஞ்சு நிக்கும். உள்பக்கம் வட்டவட்டமா இருக்கறது, அச்சுல இருந்து தள்ளிவிட்ட ஊசியோட தடம். ஒண்ணொண்ணுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிஞ்சா கோவம் பாதி கொறையும், மீதிக் கோவத்த உப்புத்தாள்ல காட்டு.

தேஞ்ச அச்சுன்னா உன்றது மட்டும்னு நெனைக்காத. நீ காட்டுன புஸ்தகத்துலயே போட்டிருந்துச்சே, இங்கிலாந்துல ஃபிராக்னு ஒரு கம்பெனி. 1936-லயே பெங்குவின்ங்கற பேர்ல பிளாஸ்டிக் விமானம் வித்தவிய. 1970-கள்ல அவிய கடையச் சாத்தறப்ப அச்செல்லாம் சோவியத் ரஷ்யாவுக்குப் போயி, நோவோங்கற பேர்ல திரும்பி வந்துச்சு. ஜெர்மன் விமானம், ஜப்பான் விமானத்தோட அச்ச மட்டும் ரஷ்யாக்காரன் வேண்டாம்னுட்டான், அது ரெவல் கம்பெனிக்குப் போச்சு. பொம்மையிலயும் பகை பாக்கறவனுக இருக்கறானுக, பாரு. இப்படி நாடு நாடா, கை கையா மாறி, அமுக்கி அமுக்கித் தேஞ்ச அச்சுக கடைசியா ஏதோ ஒரு எளவட்டம் தலையில வந்து விழுகுது.

சரி, வேலைக்கு வா. மொதல்ல சோப்புத் தண்ணியில கழுவு. அச்சுல ஒட்டாம வர்றதுக்கு எண்ணெய் மாதிரி ஒண்ணப் பூசியிருப்பான், அது இருந்தாப் பெயிண்டு நிக்காது. வெதுவெதுன்னு இருந்தாப் போதும், கொதிக்கற தண்ணியில போட்டீன்னா வளஞ்சு போயிரும். அப்பறம் ஒட்டறதுக்கு முந்தி, ஒட்டாம ஒட்டிப் பாரு. ரண்டு பாதியும் சண்டை போட்ட சம்பந்திகளாட்டம் ஆளுக்கொரு பக்கம் மொகத்தத் திருப்பிக்கிட்டு நிக்கும். அதுகளச் சேத்து வெக்கறதுக்குன்னு உள்ளார சின்னச் சின்ன முளை வெச்சிருப்பான். நல்ல கிட்டுல அது உதவும், உன்ற கிட்டுல அதுதான் வில்லங்கமே. வெட்டி எறி. வெளிக்கோடு நேரா வருதான்னு மட்டும் பாத்து ஒட்டு. தாள்ல போட்டிருக்கற வரிசைய அப்பிடியே கேக்கோணும்னு சட்டமில்ல. அந்தத் தாள எழுதுனவன் இந்தக் கிட்ட ஒருதரமாவது கட்டிப் பாத்திருப்பான்னு நான் நம்பல.

சந்து தெரியுதா? தெரியும். கடைக்கு ஓடாத. வெட்டிப் போட்ட ரன்னர் சட்டம் இருக்குதல்ல, அதப் பொடிசா நறுக்கி உன்ற பிளாஸ்டிக் பசையில ஊறப்போடு. அந்தப் பசை ஒட்டறதே பிளாஸ்டிக்கக் கரைச்சுத்தான், மறுநா கூழாக் கெடக்கும். அதச் சந்துல அடைச்சு வெச்சிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாத. உனக்கு அதுதான் முடியாதுன்னு தெரியும். மறுநாளே நகத்துல அமுக்கிப் பாப்ப, பள்ளம் விழுகும், அப்பறம் அப்புச்சி சொன்ன யோசனை சரியில்லம்ப. புட்டி வெச்சாலும் அதே கதைதான். காயறப்பச் சுருங்கும், அதனால ஒரே தடவையில அப்பாம மெல்லிசு மெல்லிசா இழு. பெயிண்டு தப்பாப் போயிருச்சுன்னு உன்ற அக்கா நகப்பூச்சு அழிக்கற தண்ணியத் திருடாத. அதுல இருக்கற அசிட்டோன் பெயிண்டோட சேத்து விமானத்தையும் தின்னுபோடும், அக்கா உன்னத் தின்னுபோடுவா.

றெக்கையோட பின் ஓரத்தப் பாரு, ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருக்குது. நீ கட்டறது 72-ல ஒரு பங்கு, அதாவது ஒரு அங்குலம் ஆறடி. கணக்குப் போடு, ஒரு மில்லிமீட்டர் நெசத்துல ஏழு சென்டிமீட்டருக்கு மேல. கதவு நெலவு தடிமன்ல றெக்கை வெச்சு எவன் பறப்பான்? உள்பக்கமாத் தேச்சு ஓரத்த மெல்லிசாக்கு. இது ஒண்ணுதான் தூரத்துல நின்னு பாக்கறவனுக்கும் தெரியும், அதனால இதுல சோம்பல் படாத.

விமானி உக்கார்ற அறையில சோம்பல் படலாம். கண்ணாடி மூடி அத்தன தடிமனா இருக்குது, உள்ளார சீட்டு இருந்தாலும் ஒண்ணுதான், சிலுவாடு டப்பா இருந்தாலும் ஒண்ணுதான். நீ என்னடான்னா ரெசின்ல சீட்டு, பித்தளைத் தகட்டுல பெல்ட்டுன்னு தேடிக்கிட்டுக் கெடக்கற. சுண்டக்கா கால் பணம், சுமைகூலி முக்காப் பணம். அந்த மூடிய மட்டும் ஃபெவிகால்ல ஒட்டு. ஃபெவிக்விக் போட்டா அதோட ஆவியில வெள்ளை வெள்ளையாப் பூத்துக்கும், அப்பறம் உன்ற விமானிக்குக் கண்புரை ஆப்பரேசன் பண்ணோணும்.

கலருக்கு வரலாம். 1965 பாகிஸ்தான் சண்டையில நம்ம நேட்டெல்லாம் வெள்ளியாட்டம் மின்னிக்கிட்டு இருந்துச்சுன்னு நீயும் வெள்ளிப் பெயிண்ட வாங்கி வெச்சிருக்கற. உன்ற தைரியத்த மெச்சறேன். வெள்ளிப் பெயிண்டு ஒரு கீறலையும் மறைக்காது, நீ அடைச்ச சந்த ஊருக்கே தமுக்கடிச்சுச் சொல்லும். அப்பறம் வந்த பச்சை கலந்த உருமறைப்புக் கலர அடி. எதிரி கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு கண்டுபிடிச்ச கலரு, உன்ற புட்டியையும் மறைக்கும். வெளிச்சுத்துக் காவி, அடுத்து வெள்ளை, நடுவுல பச்சைன்னு விமானப்படை வட்டம் இருக்குதே, அந்த ஸ்டிக்கரத் தண்ணியில போடறதுக்கு முந்தி மேல ஒரு கை வார்னிஷ் பூசு. பழைய ஸ்டிக்கரா இருந்தாத் தண்ணியிலயே அப்பளமா நொறுங்கிரும். மஞ்சப் பூத்திருந்தா சன்னல் கண்ணாடியில ஒட்டி வெயில்ல வெய்யி, வெளுக்கும். சூலூர் வெயிலு எதுக்காவது உதவட்டும்.

சூலூர்னதும் ஞாபகம் வருது. 1971 டிசம்பர் 14-ம் தேதி ஸ்ரீநகர்ல நேட்டுல ஏறிப்போயி, பல பாகிஸ்தான் சேபர் விமானங்களோட தனியா மோதி உயிர விட்டாரே நிர்மல் ஜித் சிங் செகோன், விமானப்படையில பரம்வீர் சக்கரம் வாங்குனது அவரு ஒருத்தருதான். அவரோட 18-வது ஸ்குவாட்ரனத்தான் 2020-ல தேஜஸ் விமானம் குடுத்து நம்ம சூலூர்ல நிறுத்துனாங்க. பொழுதோட தல மேல உறுமிக்கிட்டுப் போகுதே, அண்ணாந்து பாத்துக்கிட்டுப் பசையச் சிந்தறயே, அதாட்டமே அவிய ஓட்டுனதும் நம்ம தல மேல போயிருக்கும். அதனால இந்த விமானத்தக் கோணலாக் கட்டுனாலும் அரைகுறையா விட்டுப்போடாத.

மூக்குல ஈயம் வெச்சயா? வெச்சிருக்க மாட்ட. மூணு சக்கரத்துல நிக்கற விமானம் இது, முன்னால கனம் இல்லீனா வால்ல உக்காந்துக்கும். ரண்டு பாதியும் ஒட்டறதுக்கு முந்தியே தூண்டில் ஈயக்குண்டு நாலு மூக்குல அடைச்சிரோணும். ஒட்டியாச்சா? அழுகாத, வழி இருக்குது. நேட்டப் பண்ணுன பெட்டர்ங்கற இஞ்சினியரு சிக்கனக்காரரு. போர் விமானமெல்லாம் வரவரப் பெருசாகிக் கனமாகுதுன்னு இத்துனூண்டாப் பண்ணுனவரு. 1955-ல மொதல்ல பறந்துச்சு. காத்துல வேகத்தக் கொறைக்கத் தனியா பிரேக்குத் தகடு வெக்காம, சக்கரத்தையும் அதோட கதவையும் பாதி எறக்குனா அதுவே பிரேக்குன்னு வெச்சுட்டாரு. நீயும் ஒரு தாங்கி செஞ்சு, பறக்கற மாதிரி தூக்கி நிறுத்தி, சக்கரத்தப் பாதி எறக்கி வெய்யி. கதவு சரியாப் பொருந்தலைங்கறது யாருக்கும் தெரியாது, வால்ல உக்கார்ற பிரச்சினையும் இல்ல, பாக்க வர்றவன் இவன் எத்தன வெவரக்காரன்னு வாயப் பொளப்பான். நான் சொல்லிக்குடுத்தேன்னு சொல்ல வேண்டாம்.

அட்டாலியில இன்னும் பிரிக்காத பெட்டிக அடுக்கி வெச்சிருக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ஜப்பான்ல பண்ணுன நல்ல கிட்டு வேணுமாம்ல? அம்மாகிட்டக் கேக்காத, பாதிக் காசு நான் தர்றேன். ஆனா இந்த ஒண்ணக் கட்டி முடிச்சுக் கையில கொண்டாந்து காட்டோணும். முடிக்காம வந்தீன்னா, காசு அத்தனையும் உன்ற அக்காளுக்கு.