பேனா எரிந்தது, மிக்ஸி ஓடவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தெப்ராவில் எங்கள் தாமான் வீட்டு அடுப்படியில், ஒரு பிளக் பாயிண்ட் செத்துப்போனது. தேங்காய்ச் சட்னி பாதியில் நின்றது.

"என்னங்க, வயர்மேனைக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

அவள் அதைச் சொல்லாதிருந்தால் நானே கூப்பிட்டிருப்பேன். சொல்லிவிட்டாளே! பாசார் மாலாமில் மூன்று வெள்ளிக்கு வாங்கிய டெஸ்ட் பென்னைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அதைச் செருகினாலே பாதி வயர்மேன் ஆகிவிட்ட மாதிரி ஒரு நிமிர்வு வரும்.

நம்மூர் பிளக்கில் மேலே இருக்கும் எர்த் துளையில் எதையாவது நுழைத்தால்தான் கீழே உள்ள இரண்டின் கதவும் திறக்கும். பிள்ளைகள் ஆணி, ஊசி விடக்கூடாதென்று பிரிட்டிஷ்காரன் 1947-இல் தரம் வகுத்த ஏற்பாடு. பிள்ளைகளைத் தடுக்கும். ஐம்பத்திரண்டு வயதுக்காரனைத் தடுக்காது. நான் சாப்ஸ்டிக்கால் மேலே அழுத்திக்கொண்டு, வலப்பக்கத் துளையில் பேனாவை விட்டேன். எரிந்தது.

"கரண்டு இருக்கு. மிக்ஸிதான் போச்சு" என்று தீர்ப்பு சொன்னேன்.

மதியம் புது மிக்ஸி வந்தது. 189 வெள்ளி. கடையில் ஓட்டிக் காட்டினார்கள். வீட்டில் ஓடவில்லை. பிறகு டிபி பெட்டியைத் திறந்து, எது எதற்கென்று எழுதியிராத சுவிட்சுகளை வரிசையாக அடைத்துப் போட்டதில், வேறு பிளக்குக்கு மாற்றியிருந்த ரைஸ் குக்கர் நின்றது, மகளின் ஆன்லைன் டியூஷன் அறுந்தது, பிளக் மட்டும் அப்படியே இருந்தது.

மாலையில் வயர்மேன் வந்தார், சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிந்தவர். இருபத்தைந்து வயதிருக்கும்.

"அங்கிள், அந்த மிக்ஸியை ஹால் பிளக்குல போட்டுப் பார்த்தீங்களா?"

'அங்கிள்' ஒரு அடி. கேள்வி இன்னொன்று. போட்டோம். பழைய மிக்ஸி சிங்கம்போல் உறுமியது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. புது மிக்ஸியின் பெட்டியைப் பார்த்தாள்.

தம்பி முதலில் மெயினை அடைத்தார். மீட்டர் வைத்து உண்மையிலேயே கரண்டு இல்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட்டார். பிளேட்டைக் கழற்றியதும் மீன் கருகிய வாடை. நியூட்ரல் வயர் தீய்ந்து, முனையை விட்டுக் கழன்று கிடந்தது. கரண்டு வரும் வழி திறந்திருக்கிறது, திரும்பும் வழி அறுந்திருக்கிறது. என் பேனாவுக்கு வரும் வழி மட்டுமே தெரியுமாம். "செத்த பிளக்குன்னு நீங்களா இதைத் திறந்திருந்தா…" என்று தொடங்கியவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உண்மையில் நான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினேன். கிடைக்கவில்லை. மகன் தன் சைக்கிளுக்கு எடுத்துப்போய்த் தொலைத்திருந்தான். அதற்காக அன்று காலை அவனைத் திட்டினேன்.

"இதுல என்ன போடுவீங்க?"

மூன்று வாய் அடாப்டரை எடுத்துக் காட்டினேன். ஃபியூஸும் கிடையாது, சிரிம் ஸ்டிக்கரும் கிடையாது. கேத்தல் 2,200 வாட், ஏர் ஃப்ரையர் 1,500, ரைஸ் குக்கர் 700. காலை நேரத்தில் மூன்றும் ஒன்றாக. தம்பி மனக்கணக்குப் போட்டார்: 4,400 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 19 ஆம்பியர். பிளக் தாங்குவது 13. டிபியில் இருக்கும் சுவிட்ச் 20-க்கானது; அது சுவருக்குள் ஓடும் வயரைக் காக்கிற காவல்காரன், 19-ஐப் பார்த்து அசைய மாட்டான். ஆர்சிசிபி பார்ப்பது கரண்டு கசிகிறதா என்று; கழன்ற நியூட்ரல் அதன் கணக்கிலேயே வராது.

"இந்த அடாப்டரை யார் வாங்கினது?"

வீட்டில் ஓர் அமைதி. பாசார் மாலாமில், அதே கடையில், பேனாவோடு சேர்த்து வாங்கினால் ஒரு வெள்ளி குறைவு.

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டருகே வந்து, "அண்ணே, எங்க ஹால் பிளக்கு வேலை செய்யல" என்றார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "தம்பி நம்பர் ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு, எடுத்துக் கொடுங்க."